இன்னொரு டூலன்

1988 செப்டம்பர் 4, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, ரயில் பாதையைத் தாண்டுவதற்குள் மனசு மாறிவிட்டது.

இன்று செய்ய வேண்டியவை: ரேஷன் சர்க்கரை. குடைக்கு ஒரு கம்பி. தம்பிக்குக் கடிதம். மோட்டார்.

மோட்டார் நேற்றிலிருந்து உறுமுகிறதே தவிர, தண்ணீர் ஏறவில்லை. எலெக்ட்ரீஷியனைப் பிடிக்கலாம் என்று நான் சட்டை மாட்டுவதற்குள் பங்கஜம் மதில் மேலாகப் பக்கத்து வீட்டு டூலனைக் கூப்பிட்டுவிட்டாள்.

லெஸ்லி டூலன். ரிடையர்டு மெயில் ரயில் டிரைவர், ஆங்கிலோ இந்தியன். வயது அறுபத்துநாலு, போடுவது அரை டிராயர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே பெண் ஆஸ்திரேலியாவில். தெருவில் எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் இவன்தான். பத்து நிமிஷத்தில் கிணற்றுக் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட் வால்வைக் கழற்றிக் குப்பையை எடுத்துப் போட்டான். காசு வாங்க மாட்டான். "காபி மட்டும் குடுங்க மேடம். உங்க காபிய ஊத்தினா இஞ்சினே ஓடும்" என்றான். பங்கஜத்துக்கு முகமெல்லாம் பல். இருபத்தெட்டு வருஷமாக அதே காபியைத்தான் நானும் குடிக்கிறேன். ஒரு நாள்கூடச் சொன்னதில்லையாம் நான்.

சாயங்காலம் வரதராஜன் வந்தார். எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர். நான் துணைச் செயலாளர், அதாவது கூட்டம் நடந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற ஆள். பஞ்சாயத்தில் தெருக்களுக்குப் பெயர் கேட்கிறார்களாம். வெறும் ப்ளாட் நம்பரை வைத்துக்கொண்டு போஸ்ட்மேன் தடுமாறுகிறான். மூன்று தெரு முடிந்தது. பிள்ளையார் கோயில் தெரு, பள்ளிக்கூடத் தெரு, இங்கே மனை போட்டு விற்ற ஏழுமலையின் அப்பா பேரில் ஒன்று. பாக்கி எங்கள் தெரு. பதினோரு வீடு. 25ஆம் தேதி கூட்டத்தில் தீர்மானம்.

"நீங்களும் ஒரு பேர் யோசிச்சு வையுங்க சபாபதி" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே.

யோசிக்க என்ன இருக்கிறது? இந்தத் தெருவில் முதல் வீடு என்னுடையது. அப்போது சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை, சாயங்காலம் ஆனால் நரி. லைட் கம்பத்துக்காகக் கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தது நான். ரோட்டுக்கு மனு எழுதியது நான். சபாபதி தெரு. குளிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

செப். 6, செவ்வாய்

வெயில். லோக்கலில் தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே. ஆபீசில் டெஸ்பாட்ச் ரெஜிஸ்டர் தணிக்கை. எலுமிச்சை சாதம், உப்பு கூட.

வரும் மார்ச்சில் ரிடையர்மென்ட். முப்பத்தைந்து வருஷம் எழுதின கோப்பு எதிலாவது என் பேர் முழுசாக இருக்கிறதா என்றால் இல்லை. ஓரத்தில் 'கோ.ச.' என்று சுருக்கொப்பம். அதுவும் கரையானுக்கு.

ரயிலில் ஒரு கணக்குப் போட்டேன். நான் கோ. சபாபதி. அப்பா மு. கோவிந்தசாமி. பையன் ச. ரவி. அவனுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு ர. அப்பா என்னிடம் ஒரு எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறார், ரவியிடம் அந்த எழுத்தும் இல்லை. எனக்கும் இதே கதிதான். டூலன் வீட்டில் அப்படியா? தாத்தா டூலன், அப்பா டூலன், இவன் டூலன். பெண் கல்யாணம் ஆன பிறகும் பெயருக்கு நடுவில் டூலன் என்று விட்டு வைத்திருக்கிறாளாம். கொடுத்து வைத்தவன். ஒரு வேலையும் செய்யாமல் பேர் தானாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

எனக்குத் தெருப் பலகையில் ஏறினால்தான் உண்டு.

செப். 11, ஞாயிறு

டூலன் வீட்டில் டீ. தெருவே போயிருந்தது. "என் பர்த்டே மேன், எல்லாரும் வரணும்" என்று நேற்றே வாசல் வாசலாகச் சொல்லிவிட்டான். நான் மட்டும் போகாவிட்டால் தெரிந்துவிடும். போனேன். கேக்கும் வைத்திருந்தான், மசால் வடையும் வைத்திருந்தான். கெட்டிக்காரன்.

அங்கேதான் அந்த நோட்டு வெளியே வந்தது. பழைய ரயில்வே நோட்டு, காக்கி அட்டை. முதல் பக்கத்தில் இங்கிலீஷில் கொட்டை எழுத்து: 'பேர்பெற்ற டூலன்கள்'. டூலன் என்பது அயர்லாந்துப் பெயராம். எந்தப் பேப்பரில், எந்தப் புத்தகத்தில் அந்தப் பெயரைக் கண்டாலும் வெட்டி ஒட்டுகிறான், இல்லையென்றால் பார்த்து எழுதிக்கொள்கிறான். இருபது வருஷ வேலை. ஞாபகம் இருக்கிற வரை:

கனடாவில் ஒரு பிஷப்.
மூக்கு உடைந்த குத்துச்சண்டைக்காரர், படத்தோடு.
கடலின் ஆழத்தை அளந்து படம் போட்ட ஒருவர்.
ஏதோ ஒரு ராணிக்குப் பல் பிடுங்கிய டாக்டர்.
பலூனில் ஏறிப் போன ஒரு பெண்.
வைக்கோல் கட்டுகிற மெஷினைக் கண்டுபிடித்தவர்.

எல்லாரும் டூலன். ஜனம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. வரதராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிஷப்பைப் படிக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஸ்டர் டூலன், இதுல உங்களுக்கு யார் சொந்தம்?" என்றேன்.

"தெரியாது மேன். பேரு ஒண்ணுதானே? எல்லாம் நம்ம ஆளுங்க."

பேர் ஒன்றானால் நம்ம ஆளாம். எங்கள் ஆபீசில் இன்னும் மூன்று சபாபதி இருக்கிறார்கள். ஒருத்தன் மூஞ்சியிலும் முழிக்கச் சகிக்காது.

ஏழுமலை கேக்கை மென்றுகொண்டே ஆரம்பித்தான். "தோ பாருங்கப்பா, இம்மாம் பெரிய ஆளுங்க பேரு நம்ம தெருவுலயே கீது. இன்னாத்துக்கு வேற பேரு தேடிகினு பேஜார்? டூலன் தெருன்னு வெச்சுட்டுப் போலாம்."

கைதட்டினார்கள். டூலனுக்குக் காதெல்லாம் சிவப்பு. "நோ, நோ மேன்" என்றான். அதில் அழுத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பங்கஜம், "பாவம், தனியா இருக்கார், எவ்வளவு நல்ல மனுஷன்" என்றாள். நல்ல மனுஷன்தான். அதுதான் எரிகிறது.

செப். 12, திங்கள்

வரதராஜனிடம் ஜாடையாகச் சொல்லி வைத்தேன். "முதல்ல வந்து குடியேறினவங்கன்னு ஒரு மரியாதை உண்டில்லையா சார்?" என்றேன். "உண்டு, உண்டு" என்றார். இரண்டு தரம் உண்டு சொன்னால் இல்லை என்று அர்த்தம். ஆபீசில் பார்க்காததா?

செப். 14, புதன்

பால் பூத். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். எங்கள் தெருதான். நான் பின்னால் நிற்பது தெரியாது.

"டூலன் தெருன்னா கல்யாணப் பத்திரிகைல அச்சடிக்க ஸ்டைலா இருக்கும்க்கா."

"சபாபதி சார் பேரு வைக்கணும்னு கூட ஒரு பேச்சு அடிபடுதாமே?"

"அவரா? அவரு என்ன பண்ணாரு?"

"மனு எழுதினாரு."

இரண்டும் சிரித்தன. பால் வாங்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில் பால் வரவில்லை என்று சொன்னேன். பங்கஜம் போய் வாங்கி வந்தாள்.

மனு எழுதினாராம். இப்போது ராத்திரியில் வெளிச்சமாக நடக்கிறார்களே, அது யார் எழுதின மனு? டூலன் வந்தது எப்போது? கம்பம் நட்டு, லைட் எரிந்து, ரோடு போட்ட பிறகு. ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்கினான், அவ்வளவுதான். அவன் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் கொட்டுகிறது. நான் செய்தது காகிதம்.

எனக்கு யார் யார் கை தூக்குவார்கள் என்று எழுதிப் பார்த்தேன்.
1. நான்.
2. கோடி வீட்டு ஆடிட்டர். (அவருக்கு டூலனின் நாய் பிடிக்காது.)
3.

வயிறு எரிகிறது. யாரிடம் மறைக்க வேண்டும், எனக்கு நானே எழுதுவதுதானே?

செப். 17, சனி

லேசான தூறல். ஆபீசில் வேலை பாக்கி என்று பங்கஜத்திடம் பொய். எழும்பூரில் இறங்கிப் பெரிய நூலகத்துக்குப் போனேன்.

போகும்போது நினைத்தது இதுதான். ஒரு பெயரில் பிஷப்பும் டாக்டருமாகவேவா பிறப்பார்கள்? ஊர் என்று இருந்தால் எல்லாம்தான் இருக்கும். ஒரு கெட்ட டூலனாவது எங்கேயாவது இல்லாமலா போவான்?

அயர்லாந்து பற்றி என்ன இருந்தாலும் கொடுங்கள் என்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாலு தடிப் புத்தகம் எடுத்து வைத்தார். ஒரே தூசி. தும்மல். மூன்றாவது புத்தகம், பழைய வழக்குகளைப் பற்றியது. ஒரு மணி வாக்கில் கிடைத்தான்.

ஒரு டூலன். துறைமுக ஊர் ஒன்றில் கணக்குப்பிள்ளை மாதிரி வேலை. கடலில் செத்தவர்களின் விதவைகளுக்கென்று சேர்த்து வைத்த நிதியைச் சுருட்டிக்கொண்டு கப்பல் ஏறப் பார்த்திருக்கிறான். பிடிபட்டான். தூக்கு. இதெல்லாம் நடந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல்.

விதவைகள் நிதி! இதைவிட என்ன வேண்டும்? பசியே தெரியவில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. முறுக்கு வாங்கித் தின்றேன்.

செப். 19, திங்கள்

நேரில் சொன்னால் பொறாமை என்பார்கள். (பொறாமைதான். ஆனால் சொல்ல விடக்கூடாது.) அதனால் கடிதம். பெயர் போடாமல்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ரெக்கார்டு ரூமில். இடது கையால். ஒரு மணி நேரம் ஆனது. விரலெல்லாம் வலி. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, விஷயம் கோவையாக வந்திருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லை. நாலு தரம் படித்துப் பார்த்தேன். வரதராஜன் பெயருக்கு ஒன்று, பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒன்று.

செப். 20, செவ்வாய்

பல்லாவரத்தில் இறங்கிப் போஸ்ட் செய்தேன். தாம்பரம் முத்திரை விழக்கூடாது. இந்த மாதிரி புத்தியை உத்தியோகத்தில் காட்டியிருந்தால் எப்போதோ சூப்பரின்டெண்டென்ட் ஆகியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் டூலன் மதில் மேலாக ஒரு சீப்பு வாழைப்பழம் நீட்டுகிறான். தோட்டத்தில் பழுத்ததாம். வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை. பங்கஜம் தின்றாள்.

செப். 23, வெள்ளி

நேற்றே போய்ச் சேர்ந்திருக்கும். வரதராஜன் எதிரில் வந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகச் சிரித்தார். ஏன்?

டூலன் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறான். விசில் வேறு.

செப். 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாலரை மணிக்குப் பள்ளிக்கூட அறையில் கூட்டம். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் எல்லாரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் தீர்மானப் புத்தகத்தோடு வரதராஜன் பக்கத்தில். டூலன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தப் புழுக்கத்தில்.

வரதராஜன் சொன்னார்: "ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. மறைக்கக் கூடாது. படிச்சுடறேன்."

படித்தார். "அனுப்புநர், உண்மை விரும்பி. பெறுநர், செயலாளர் அவர்கள். ஐயா. பொருள்: நான்காம் தெருவிற்குப் பெயர் சூட்டுதல், டூலன் என்னும் பெயருக்கு ஆட்சேபணை தெரிவித்தல், தொடர்பாக. பார்வை: ஒன்று, சங்கத்தின் சுற்றறிக்கை. இரண்டு, பழைய ஆங்கில நூல்."

'பார்வை' என்றதும்தான் எனக்கு உறைத்தது, இது அச்சு அசல் ஆபீஸ் கடிதம். அவர் நிறுத்தவில்லை. விதவைகள் நிதி, கப்பல், தூக்கு எல்லாம் வந்தது. "மேற்படி பெயர் ஏற்புடையதன்று எனப் பணிந்து தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. தேவைப்படின் ஆதாரம் நேரில் சமர்ப்பிக்கப்படும். நகல்: ஒன்று, பஞ்சாயத்துத் தலைவர். இரண்டு, கோப்பு."

கவர்ன்மென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவன் இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். பார்த்திருந்தால்கூடத் தேவலை.

ஏழுமலைதான் வாயைத் திறந்தான். "இன்னா சார் இது? மொட்டக் கடுதாசிக்கு நகல் வேற கீது! ஆதாரத்த நேர்ல குடுக்க வர்றானாம். வரட்டுமே, வூட்டு அட்ரஸையும் எழுதிட்டுப் போயிருக்கலாம்ல?"

பின்பெஞ்சில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பால் பூத் குரல்தான்.

டூலனுக்குத் தமிழ் படிக்க வராது. தூக்கு வருகிற இடத்தை மட்டும் மெதுவாக இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து ஏதோ குறித்துக்கொண்டான். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"டூலன் தெருன்னு வைக்கச் சம்மதிக்கறவங்க கை தூக்கலாம்" என்றார் வரதராஜன். பத்துக் கை. கோடி வீட்டு ஆடிட்டர் கையும். நாயாவது ஒன்றாவது. டூலன் மட்டும் தூக்கவில்லை, தன் பேருக்குத் தானே தூக்கக் கூடாது என்று. அப்படியானால் பத்தாவது கை யாருடையது என்று எண்ணிப் பார்த்தேன். என்னுடையது. அது எப்போது மேலே போனது என்று தெரியவில்லை.

'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' என் கையாலேயே எழுதினேன். வலது கையால்.

செப். 26, திங்கள்

தற்செயல் விடுப்பு. காரணம்: காய்ச்சல். காய்ச்சல் இல்லை.

பங்கஜத்துக்கு ஏழுமலை வீட்டிலிருந்து விஷயம் வந்துவிட்டது. சாதம் போட்டுக்கொண்டே, "நீங்கதானே?" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சாதத்தைப் பிசைந்தேன்.

"மொட்டைக் கடுதாசின்னா மொட்டையா இருக்க வேண்டாமா? அதுகூட ஒழுங்கா வரலையே உங்களுக்கு" என்றாள். ரசம் ஊற்றினாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவமானம் அவளுக்கும்தான்.

செய்ய வேண்டியவை: துணைச் செயலாளர் பதவி ராஜினாமா. (இதற்கும் 'பொருள்' போடுவதா?)

செப். 28, புதன்

மத்தியானத்திலிருந்து மழை. ஆபீசிலிருந்து தெருவுக்குள் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். குடை அதற்கு வசதி.

ஆறு மணிக்கு டூலன் வந்தான். குடையில்லை. தொப்பலாக நனைந்திருக்கிறான், நோட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருக்கிறான். பங்கஜம் துண்டு கொடுத்தாள், காபி வைத்தாள், உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாள்.

திட்டுவான் என்று இருந்தேன். திட்டினால் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தும் வைத்திருந்தேன்.

நோட்டைப் பிரித்தான். புதுப் பக்கம். மேலே டூலன் என்று மட்டும் எழுதி, மீதியெல்லாம் காலி.

"மிஸ்டர் சபாபதி, எந்த புக் மேன்? பேஜ் நம்பர் என்ன?"

"எந்தப் புத்தகம்?" என்றேன்.

"அந்தத் திருடன். இருபது வருஷம் தேடறேன் மேன், எனக்கு அவன் கிடைக்கல. உங்களுக்கு எப்டி கிடைச்சான்?"

முகத்தில் கோபமே இல்லை. ஆசைதான் இருந்தது. கேலி செய்கிறானோ என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.

"அவன் அயோக்கியன், மிஸ்டர் டூலன். விதவைங்க பணத்தைத் திருடினவன்."

"இருக்கட்டுமே. வீட்டுக்கு ஒருத்தன் அப்படி இருப்பான். அதுக்குன்னு வெளில நிக்க வைக்க முடியுமா?"

அப்புறம் காபியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். அவன் தாத்தாவை, கைக்குழந்தையில், இஞ்சின் ஷெட் வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஷெட் ஃபோர்மேன் எடுத்து வளர்த்தார். அந்த ஃபோர்மேன்தான் டூலன். "ரத்தம்னு பாத்தா ஒண்ணும் கிடையாது மேன். பேரு மட்டும்தான் குடுத்தாங்க. அதான் யாரு கிடைச்சாலும் எழுதி வெச்சுக்கறேன்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இதை அன்றைக்கே கூட்டத்தில் சொல்லியிருந்தால் தெரு முழுக்க அழுதிருக்கும். சொல்லவில்லையே இந்த மனுஷன்! சொல்லாமலே பத்துக் கை வாங்கினான். இனிமேல் நான் இவன் மேல் எப்படிப் பொறாமைப்படுவது?

"பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, அடிக்குறிப்பு" என்றேன். கோப்பு எண் கேட்டால் வருகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. புத்தகத்தின் பேரையும் சொன்னேன். அதோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எழுதிக்கொண்டே இருந்தான்.

"அவனுக்கு யாராவது இருந்தாங்களா மேன்? வைஃப், குழந்தைங்க?"

"அம்மா மட்டும். தூக்குப் போடற அன்னிக்கு வந்து நின்னாளாம்."

"அம்மா பேரு?"

"போடலை."

பேனாவை வைத்துவிட்டான். "பாவம் மேன், அந்த அம்மாவ யாருமே தேடலை" என்றான். கண் ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை. நோட்டை மறுபடி உறையில் சுற்றிக்கொண்டு எழுந்தான். சனிக்கிழமை அந்த நூலகத்துக்குக் கூட வர முடியுமா என்று கேட்டான். வருகிறேன் என்றேன்.

போய்விட்டான். காபி டம்ளர் இன்னும் மேஜை மேல் இருக்கிறது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

பொறாமை போகவில்லை. டூலன் மேல் இல்லை இப்போது. எங்கேயோ, எப்போதோ தூக்கில் தொங்கின ஒரு திருடன் மேல். அவனைத் தேடிக்கொண்டு மழையில் ஒரு ஆள் வந்துவிட்டானே.